என் பெயரில் வந்த ரிப்போர்ட்

கல்யாணமாகி ஆறு வருஷம். சோதனை, கசாயம், நேர்த்திக்கடன் எல்லாம் என் மனைவிக்குத்தான். மூன்று தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தாள். நான் கீழே செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னையும் பரிசோதிக்கலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். லோரி ஓட்டுகிற ஆம்பளைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

பெட்டாலிங் ஜெயாவில் பார்த்த டாக்டரம்மாதான் முதல் நாளே என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து அறையைக் காட்டினார். ரிப்போர்ட்டில் விந்தணு குறைவு, இருப்பதும் சரியாக நீந்தவில்லை என்று வந்தது. சிகரெட்டை விட்டேன், மணிக்கணக்கில் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுவதைக் குறைத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி டப்பா. பெரிய மாற்றமில்லை.

"நல்லதா ஒண்ணு கிடைச்சா போதும் லா, அங்கிள். நாங்களே எடுத்து முட்டைக்குள்ள வெச்சிடுவோம்," என்றார் நர்ஸ். நாற்பது வயதில் அங்கிள்.

அதற்கும் தினம் ஊசி அவள் வயிற்றில்தான். குறை என்னிடம், ஊசி அவளுக்கு. இது என்ன நியாயம் என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஜேம், வண்டி நகரவில்லை. "அத்தைகிட்ட சொல்லாதீங்க," என்றாள் என் மனைவி. "எனக்குப் பழகிப்போச்சு. என்னையே சொல்லிட்டுப் போகட்டும்." வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது, அதுதான் வெட்கம்.

முதல் முயற்சி தோற்று இரண்டு வாரத்தில், கிள்ளானில் என் தங்கைக்கு வளைகாப்பு. காலையிலிருந்து ஐந்து வகைச் சாதம் கிளறிய என் மனைவி, கை கழுவிவிட்டு வளையல் போட எழுந்தாள். அம்மா கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீ இரும்மா. பிள்ளை பெத்தவங்க போடட்டும்," என்றாள். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு அலுத்துவிட்டது. "அவகிட்ட ஒரு குறையும் இல்லம்மா. டாக்டர் பார்த்தாச்சு. குறை எனக்குத்தான்."

அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"மெதுவா பேசுடா. நாலு பேர் காதுல விழுந்தா மானம் என்னாவது?"

ஆறு வருஷத்தில் அம்மா இந்த விஷயத்தை மெதுவாகப் பேசியது அன்றுதான்.