மாமா கேம்ப் அடித்த குளம்

என் தாய்மாமா ஒன்பது நாட்கள் ரப்பர் காட்டுக்குள் தன்னந்தனியாகக் கேம்ப் அடித்திருந்தார். யட்டியாந்தோட்டைக்கு மேலே, எங்கள் தோட்டத்துக் குளத்தின் அக்கரையில், பால் வெட்டுவதை நிறுத்திப் பல வருடமான கிழட்டு மரங்களுக்கு நடுவே நீலப் பொலித்தீன் ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் கீழே சாக்கு விரித்துப் படுத்திருந்தார். அவரை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேம்ப் என்றார்கள், நம்பிவிட்டேன். எனக்குப் பத்து வயது. சும்மா சொன்னதையெல்லாம் நம்புகிற பிள்ளை இல்லை நான். ஆனால் கேம்ப் என்று கேட்டதும் புத்தி எங்கோ போய்விட்டது.

உண்மை இதுதான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாமா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தங்கியிருந்த அறைக்கு ஒருநாள் ஆட்கள் வந்து, கூட இருந்த இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா கடையில் நின்றபடியால் தப்பினார். அவருடைய அடையாள அட்டை தப்பவில்லை, அறையில் கழற்றிப் போட்டிருந்த சட்டையோடு அதுவும் போய்விட்டது. அட்டையில் எங்கள் தோட்டத்து விலாசம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் அவரை வைத்திருந்தால் என்றைக்காவது வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அப்பா வேறு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். அதுவரைக்கும்தான் அந்தக் கேம்ப்.

குளத்தை ஒட்டிய மரங்கள் அம்மாவுக்கு ஒதுக்கப்பட்டவை. விடியற்காலையில் மரங்களைச் சீவிச் சிரட்டையை மாட்டிவிட்டு வருவார். பத்து மணிக்கு மேல் வாளியோடு திரும்பப் போய்ப் பால் சேர்ப்பார். எல்லோரும் ஒரு வாளி கொண்டுபோனால் அந்த ஒன்பது நாளும் அம்மா இரண்டு கொண்டுபோனார். ஒரு சனிக்கிழமை நானும் பின்னாலேயே போனேன். மூடி போட்ட வாளியை எட்டிப் பார்த்தால் உள்ளே சோறும் பருப்பும் கருவாடும். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மரத்துக்குப் பின்னாலிருந்து மாமா வெளியே வந்தார்.

"பாப்பா, நான் கேம்ப் அடிச்சிருக்கேன். கொழும்புல பெரிய எடத்துப் புள்ளைங்க எல்லாம் இப்பிடித்தான் காட்டுக்குள்ள வந்து இருப்பாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான். ஆளு சேர்ந்தா அது கேம்ப்பா? லயத்துல ஒருத்தருக்கும் சொல்லிறாத. சொன்னா எல்லா வாண்டும் வந்து கெடுத்துப்புடும்."

சத்தியம் செய்து கொடுத்தேன். லயத்தில் ஒருவருக்கும் சொல்வதில்லை. இன்றுவரை அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை என்று வாதாடலாம். அதுதான் என் கதையின் வினையே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் பாடத்துக்கு ஒரு இயற்கை நடை போய்வந்து படத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் நாலு இலையைப் பறித்து ஒட்டியிருப்பார்கள். எனக்கோ ஒரு குளம் இருந்தது, ஒரு கேம்ப் இருந்தது, வேலை வெட்டி இல்லாத ஒரு மாமாவும் இருந்தார். குளத்தைச் சுற்றி வருவோம் வாங்க என்று அவரை நச்சரித்தேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு, ஆறு நாளாக வாய் பேச ஆளில்லாத மனுஷன், ஒத்துக்கொண்டார்.

ஐந்து வருடம் கொழும்பில் இருந்ததில் மாமா காட்டை மறந்துபோயிருந்தார். போவிட்டியாப் பழத்தைத் தின்னலாமா என்று என்னைக் கேட்டார். தின்று, நாக்கு ஊதாவாகிப்போனதும் பயந்துவிட்டார். கபரகொயா என்கிற பெரிய நீருடும்பு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியபோது முதலை என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கும்போது மட்டும் சத்தமே வரவில்லை, தோள்தான் குலுங்கியது.

விளையாட்டுக்கு விதிகள் அவர் போட்டவை. உரக்கப் பேசக்கூடாது. சேற்றில் கால் வைக்கக்கூடாது, வேரிலிருந்து வேருக்குத்தான் தாவ வேண்டும். காலடிச் சத்தம் கேட்டால் உடனே மரமாகிவிட வேண்டும். மரமென்றால் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. நான் பத்தடிக்கு ஒருமுறை தோற்றேன். மாமா ஒருதடவைகூடத் தோற்கவில்லை. ஒரு வளர்ந்த ஆள் விளையாட்டில் இத்தனை மும்முரம் காட்டுவது எனக்குக் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகவே பட்டது.

அவரைத் தோற்கடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். ரப்பர் கொட்டையைக் கல்லில் பரபரவென்று தேய்த்தால் நெருப்பாய்ச் சுடும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோருடைய தொடையிலும் அந்தச் சூட்டின் அடையாளம் இருக்கும். மாமா குந்தி உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நன்றாகத் தேய்த்த கொட்டை ஒன்றை அவர் கழுத்தில் வைத்து அழுத்தினேன். துள்ளி எழுந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார், ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இப்போது அதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

சுற்றி முடித்துத் திரும்பிவந்து கேம்ப்புக்குப் பக்கத்தில் நின்றபோது உண்மையாகவே காலடிச் சத்தம் கேட்டது. மாமா ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் மரமாகிவிட்டார். வந்தவர் கீழே கிராமத்திலிருந்து கித்துள் பனை சீவ வருகிற சிங்கள ஐயா. இடுப்பில் கத்தி, தோளில் கள்ளு முட்டி. என்னைப் பார்த்து நின்றார்.

"துவே, தனியமத?"

மகளே, தனியாகவா என்று கேட்கிறார். விளையாட்டில் ஜெயிக்க வேண்டுமே என்று நானும் சிங்களத்தில் பிசிறில்லாமல், ஆமாம் மாமே, தனியாகத்தான் கேம்ப் அடித்திருக்கிறேன், இதெல்லாம் என்னுடையது என்றேன். அவர் பொலித்தீனைப் பார்த்தார். கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ஆம்பிளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு, மழை வரப்போகிறது மகளே, சட்டையை எடுத்து உள்ளே வை என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. இவ்வளவு வயதாகியும் மழை வருமா வராதா என்று தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வெளியே வரக் கொஞ்ச நேரமானது. வந்ததும் சட்டையைத்தான் முதலில் உருவினார். நான் ஜெயித்தேனா என்று கேட்டேன். "ஜெயிச்சிட்ட பாப்பா, நீதான் ஜெயிச்ச" என்று என் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் வீட்டுக்கு வந்து படத்தை வரைந்தேன். இரண்டு பக்கக் கொப்பித் தாளை முழுசாக நிரப்பிய படம். குளம், அணை, கபரகொயா, போவிட்டியாப் புதர். லயத்திலிருந்து குளத்துக்குப் போகிற குறுக்குப்பாதையைச் சிவப்புப் புள்ளிகளால் காட்டினேன். நீலக் கூடாரம் வரைந்து 'மாமாவின் கேம்ப்' என்று அழகாக எழுதினேன். இரண்டு வாளியோடு அம்மாவையும் போட்டு, 'சாப்பாடு கொண்டுபோகும் வழி' என்று அம்புக்குறி இட்டேன். லயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை, சத்தியம் சத்தியம்தான். பள்ளிக்கூடம் லயம் இல்லையே. அதோடு நான் சொல்லவில்லையே, வரைந்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது. நல்ல படங்களைச் சுவரில் ஒட்டப்போவதாக எங்கள் வகுப்புச் சேர் சொல்லியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தனியாக இருந்தார். சிரிக்கத் தெரியாதவர் என்று எங்கள் வகுப்பு தீர்மானித்திருந்தது. அவர் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் பொலிசில் போய்ப் பதிய வேண்டியிருந்ததும், அதற்காகப் பகல் முழுக்க அங்கே வாங்குப் பலகையில் காத்திருந்ததும் எங்களுக்குத் தெரியாது. அவர் வராத நாட்களில் நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

என் கொப்பியை விரித்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் என்னுடைய எதையும் யாரும் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை பார்த்தார். கொப்பியை மூடினார். மறுபடி ஒரு சின்ன இடைவெளியில் திறந்து பார்த்தார்.

"இதை வேற ஆருக்கும் காட்டினனியோ?"

"இல்லீங்க சேர்."

"உண்மையா?"

"சத்தியமாங்க சேர்."

சர்ரென்று கிழித்தார். நடுத்தாள் இரண்டும் அவர் கையோடு வந்துவிட்டன. வகுப்பே கேட்கும்படி, இது பாடத்துக்குப் பொருந்தாத படம், பத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது, போய் ஒரு இலைப் படத்தைக் கீறிக்கொண்டு வா என்றார். நான் அழவில்லை. அழுதால் அவர் ஜெயித்ததாகிவிடும். சுவரில் யார் யாருடைய இலைகளெல்லாமோ தொங்கின. அந்த மனுஷனை அன்றிலிருந்து வெறுக்கத் தொடங்கினேன். அரைகுறையாக இல்லை, மனசார வெறுத்தேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அவர் எங்கள் லயத்து வாசலில் நிற்கிறார். கோள் மூட்ட வீடு வரைக்கும் வந்துவிட்டாரே என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் காம்பராவின் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் போன பிறகு உள்ளே போனேன். அடி விழும் என்று முதுகை இறுக்கி வைத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார், அழத் தொடங்கினார். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்று அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார். பின்னேரத்தில் யாரும் பால் எடுக்கப் போவதில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கூடாரம் இல்லை, சாக்கு இல்லை. நசுங்கிப்போன பன்னச் செடிகள் மட்டும் கிடந்தன. மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நான் புள்ளி எடுக்காமல் போனதை அந்த வாத்தியார் சொல்லி, மாமாவுக்கும் என்மேல் கோபம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் ஜீப் வந்தது. லயம் லயமாகத் தேடினார்கள். எங்கள் காம்பராவில் அரிசி டின்னைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். மாமாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள், கொழும்பில் இருக்கிறான் என்று அம்மா சொன்னார். பிறகு குளத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நாங்கள் பிள்ளைகள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். மாமா இருந்திருந்தால் மரமாக நின்று இவர்களையும் தோற்கடித்திருப்பாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மாமா பிழைத்துக்கொண்டார். அப்பா முன்பே பேசி வைத்திருந்த ஒருவர் கடைசி நேரத்தில் கைகொடுத்தார். இன்று வெளிநாட்டில், தொலைபேசியில் உரக்கச் சிரிக்கிற ஒரு தொந்தி மனிதர் அவர். அப்படி ஒருநாள் சிரித்துப் பேசி வைத்த பிறகுதான், எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பின்தான், அம்மா மற்றதைச் சொன்னார்.

"அந்த சேர் அன்னைக்கி ஒன்னோட படத்த சட்டைக்குள்ள மடிச்சி வச்சிக்கிட்டு வந்தாரு. 'அம்மா, இண்டைக்கே ஆளை மாத்துங்கோ'ன்னாரு. வழியில யாராச்சும் அவரப் புடிச்சி சட்டையத் தடவியிருந்தா, தம்பியோட அவரும் போயிருப்பாரு. நான் அடுப்புல போட்டேன். சாம்பலாகுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனாரு. புள்ளைய அடிச்சிறாதீங்க, அவளுக்கு ஒண்ணும் சொல்லவும் சொல்லாதீங்கன்னாரு."

ஏன் சொல்லக்கூடாதென்று அம்மாவைக் கேட்டேன். சொன்னால் காலம் பூரா பிள்ளை தன்னைத்தானே தின்றுவிடுவாள் என்று அவர் பயந்தாராம்.

அவரைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணப் பக்கத்தில் நடந்ததெல்லாம் உலகத்துக்கே தெரியும்.

அவர் மாற்றலாகிப் போன அன்று வகுப்பில் எல்லோரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொரு பிள்ளையாகக் காலில் விழுந்து கும்பிட்டது. என் முறை வந்தபோது அவர் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"இப்பவும் படம் கீறுறனியோ பிள்ளை?"

"இல்லீங்க சேர். இனிமே வரையவே மாட்டேன்."

அவருடைய முகம் சுருங்கிப் போனது. "கீறு பிள்ளை. என்னைக் கோவிச்சுக்கொண்டெண்டாலும் கீறு" என்றார்.

நான் காலில் விழவில்லை. அவர் முகத்தை அப்படிச் சுருங்க வைத்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், லயம் வந்து சேரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள் அந்தப் பத்து வயதுப் பிள்ளை.