காய்ச்சலோடு நின்ற சாட்சி

நெற்றியில் தடவிய எண்ணெயின் வாடையில்தான் எனக்கு முதலில் வயிற்றைப் புரட்டியது. ஜெபித்துப் பூசுகிற தேங்காய் எண்ணெய். ஒரு சின்ன பாட்டிலில் எங்கள் சபை பாஸ்டர் அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். வெயிலில் அலைந்து காறிப் போயிருந்தது. அது புருவத்தில் வழிந்து மூக்கருகே வந்ததும் எழுந்து ஓடிச் சுவரோரம் வாந்தியெடுத்தேன். உடம்பு அடித்துப் போட்டது போல வலித்தது. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. எங்களோடு ஊழியத்துக்கு வந்திருந்த மேரி அக்கா கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "கொதிக்குதுங்க" என்றார்.

"கவலைப்படாதீங்க சிஸ்டர். ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார் பாஸ்டர்.

இன்றைக்கும் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால் எனக்கு அந்தக் காறல் வாடை கூடவே வருகிறது.

நான் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்துக்கொள்ளலாம். எங்கள் சின்ன சபையிலிருந்து அரையாண்டு விடுமுறையில் ஒரு வேனில் ஊழியத்துக்குப் போனோம். ஜெயங்கொண்டம் தாண்டி, வரதராஜன்பேட்டைக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஓர் ஊர். பகலில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், பிறகு வீடு சந்திப்பு, சாயங்காலம் மைக் வைத்துக் கூட்டம். ஊர் ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஓர் ஓட்டுக் கட்டடத்தில் தங்கினோம்.

அந்தப் பயணத்துக்குப் பாஸ்டர் வைத்த பாடம், கவலைப்படாமல் நம்புவது. பாடம் நல்ல பாடம்தான். அதை அவர் நடைமுறைப்படுத்திய விதத்தைச் சொல்கிறேன். முதல் நாளே எல்லாருடைய செல்போனையும் ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டிவிட்டார். வீட்டு நினைப்பு வந்தால் ஊழியம் ஓடாதாம். இன்னொரு வழக்கமும் உண்டு. எங்களில் யாராவது வாய் தவறி ஒரு கவலையைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லி அதை மூடிவிட வேண்டும். தண்ணீர் தீர்ந்துவிட்டதே என்றால் ஸ்தோத்திரம். பாத்ரூமுக்குக் கதவு இல்லையே என்றால் ஸ்தோத்திரம். முதலில் விளையாட்டாக இருந்தது. நானும்தான் உரக்கச் சொன்னேன்.

எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே இடது மார்பின் அடிமடிப்பில் ஏதோ உறுத்தியது. பாடி இறுக்கி வேர்வையில் புண்ணாகியிருக்கும் என்று பவுடர் போட்டுக்கொண்டேன். மேரி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. ஊழியத்துக்கு வந்த இடத்தில் மார்பைப் பற்றி என்ன பேச்சு?

இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் உடம்பு கொஞ்சம் குளிர்ந்தது. ஊசியின் வேலை அது. கொஞ்ச நேரத்துக்குத்தான் இருக்கும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம்.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "நம்ம டீச்சர் சிஸ்டர் ரெண்டு நாளா காய்ச்சல்ல கெடந்தாங்க. எண்ணெய் பூசி ஜெபிச்சோம். இன்னைக்கு ஆண்டவர் சுகம் குடுத்துட்டார். எழுந்து நில்லுங்க சிஸ்டர்!"

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். எனக்கு அப்போதே மறுபடியும் குளிர ஆரம்பித்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பூங்கொடி என்று பெயர். முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவள். கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கை விரல்கள் கறுத்திருந்தன.

"டீச்சர், ஒங்களுக்கு நெசமாவே விட்டுருச்சா? எம் பொண்ணுக்கு வலிப்புங்க. அஞ்சாறு வருசமா மாத்திர தின்னுக்கிட்டுக் கெடக்குது. இனிமே நிறுத்திடலாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த மேரி அக்கா "ஸ்தோத்திரம்" என்றார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பழக்கம். கவலை மாதிரி ஏதோ காதில் விழுந்திருக்கிறது, மூடிவிட்டார்கள். பூங்கொடி என் முகத்தையே பார்த்தாள். நான் தலையாட்டினேனா, குளிரில் தலை ஆடியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை. ஏனென்றால் சுகமாகிவிட்டது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. மறுபடி காய்ச்சல் என்றால் அந்தச் சாட்சி பொய்யாகிவிடும். போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூச்சு வாங்கியது. ஒரு கட்டத்தில் நான் பெரம்பலூரில் வகுப்பில் நிற்பதாக நினைத்து, வருகைப் பதிவு எடுத்தேனாம். அதைக் கேட்டுத்தான் பாஸ்டர் பயந்திருக்கிறார். அவரே என்னைத் தூக்கி வேனில் போட்டு அரியலூருக்கு ஓட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வழியெல்லாம் அழுதாராம்.

மருத்துவமனை வராந்தாவில் பினாயிலும் மூத்திரமும் யாரோ பிரித்து வைத்த புளிசாதமும் கலந்து ஒரே வாடை. ஸ்ட்ரெச்சரில் என் தலைமாட்டில் பழைய ரத்தக் கறை இருந்தது. அருவருப்பில் உடம்பைச் சுருக்கிக்கொண்டேன். என்னிடமிருந்தே அதைவிட மோசமான வாடை வருவது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

பணியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். என் பெண் வயதிருக்கும். கண் சிவந்திருப்பதைப் பார்த்தார், அக்குளை அழுத்திப் பார்த்தார்.

"ஒடம்புல எங்கயாச்சும் கருப்பா, பொருக்கு மாதிரி இருக்காம்மா?"

"இல்லைங்க."

"தோப்பு, காடுன்னு எங்கயாச்சும் தரையில உக்காந்தீங்களா?"

"ஜெபம் பண்ணினோம். முந்திரித் தோப்புல. பயணத்துக்கு முன்னாடியே சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, சருகுல முழங்கால் போட்டு..."

அவர் திரையை இழுத்துவிட்டு, "நீங்க இல்லன்னுதான் சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானே பாக்குறேன்" என்று சொல்லி என் இடது மார்பைத் தூக்கிப் பார்த்தார்.

பவுடரும் வேர்வையும் குழைந்து சேறாகியிருந்ததைப் பஞ்சால் துடைத்தார். அடியில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. எஸ்கார் (பூச்சி கடித்த இடத்தில் தோல் செத்துக் காய்வது) என்றார். எனக்கு வந்திருந்தது ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல், புதரிலும் சருகிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது). கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். கவலைப்படாதிருக்க எங்களுக்குப் பலம் தா என்று நான் முழங்காலில் நின்று கேட்ட இடத்திலேயே அது ஏறியிருக்கிறது.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டுப் பக்கம் போய் வந்து காய்ச்சல் கண்டால் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடம் எல்லாவற்றையும் பாருங்கள். அந்தப் பொருக்கு பெரும்பாலும் வலிக்காது. டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் காட்டுங்கள். அந்த வெட்கம் என்னை மண்ணுக்குள் அனுப்பப் பார்த்தது.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு சுத்தம் செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறியிருந்தது. டாக்ஸிசைக்ளின் (இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து) ஏற்றினார்கள், மூக்கில் ஆக்ஸிஜன், கீழே சிறுநீர்க் குழாய். குழாயில் இறங்கியது பால் விடாத வரட்டீ நிறத்தில் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் திருப்பிக்கொண்டேன்.

என் கணவர் பெரம்பலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சபைக்கு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். செய்தி தெரிந்து ஓடி வந்தவர், கையில் பெட்பேனோடு நின்றுகொண்டு கேட்டார்.

"போன வாங்கிக் கட்டி வச்சுக்கிட்டாங்களாமே? நீங்கள்லாம் ஸ்கூல் புள்ளைங்களா? நாலு நாளா அடிக்கிறேன், ஸ்விட்ச் ஆஃப்னு வருது. நான் என்னன்னு நெனைக்கிறது?"

எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. "பூங்கொடி" என்றேன். "மாத்திரை."

"ஒனக்குத்தான் மாத்திர குடுத்துருக்காங்க. மொதல்ல நீ மூச்சு விடு."

மருந்து ஏறி இரண்டாவது நாள் காய்ச்சல் விட்டது. இந்த முறை நிஜமாகவே. தலையணை நனையும்படி வேர்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் பாஸ்டரும் மேரி அக்காவும் மற்றவர்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "எண்ணெய் பூசின அன்னைக்கே ஆண்டவர் வேலைய ஆரம்பிச்சுட்டார் சிஸ்டர். வர்ற ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லணும்."

நான் பேச முயன்றேன். "அந்தப் பூங்கொடியோட பொண்ணு... வலிப்பு மாத்திரைய நிறுத்தப் போறேன்னு... யாராவது போயி..."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லாரும் சேர்ந்து. நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க விசுவாசத்துக்குக் குறுக்க நாம போகக் கூடாது" என்று பாஸ்டர் மெதுவாக, அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு குழந்தை கீழே விழுந்து கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றிக் கேட்பது எங்கள் ஊரில் கவலை, எங்கள் கூட்டத்தில் பாவம். அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சு வாடைகூட எனக்கு எண்ணெய் வாடையாக அடித்தது. என் கணவர் மரியாதையாகவே எல்லாரையும் வெளியே அனுப்பினார். நான் பெட்பேனுக்குள் வாந்தியெடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வேளை மாத்திரை இருந்தது. படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. கொஞ்ச நாள் கழித்து முடி கற்றை கற்றையாகச் சீப்பில் வந்தது. காதில் ஓர் இரைச்சல். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு இவையெல்லாம் மெதுவாகச் சரியாகிவிடுகின்றன. எனக்கும் சரியாகி வருகிறது. உடம்பைக் கண்ணாடியில் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் பார்த்தேன். பொருக்கு உதிர்ந்து அங்கே ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு நான் போகவில்லை. நடக்க முடிந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

பூங்கொடி வாசலில் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

"மாத்திரைய நிறுத்தலையே?" என்றேன்.

உள்ளே பார்த்து, "தர்ஷினி, இங்க வா" என்று கூப்பிட்டாள். எட்டாவது படிக்கிற பெண். வந்து நின்றாள். "நாக்க நீட்டு."

நாக்கின் ஓரத்தில் கடிபட்டுத் தழும்பேறிய கீறல். நெற்றியிலும் தையல்.

"மூணாம் நாள் வந்துச்சுங்க. அடுப்பாண்ட. நல்ல வேள நான் வூட்டுல இருந்தேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, மறுபடியும் மாத்திர."

அன்றைக்கு நான் சுகமாகவில்லை என்றேன். ஊசி போட்டதைச் சொன்னேன், அரியலூரைச் சொன்னேன். அவளைச் சுவர் மறைவுக்குக் கூட்டிப்போய் ரவிக்கையை விலக்கி அந்தக் குழியைக் காட்டினேன். மருந்துதான் என்னைப் பிழைக்க வைத்தது என்றேன். பாஸ்டர் கேட்ட சாட்சியை நான் சொன்ன இடம் அதுதான்.

அவள் குழியைப் பார்த்தாள். முகம் சுளித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஒங்க சாமிய நம்பி நிறுத்தலைங்க டீச்சர். எங்க சாமியவே நம்பி நிறுத்துனதில்ல. ஒங்க மூஞ்சியப் பாத்துதான் நிறுத்துனேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கொட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்பும்போது என் போன் நம்பரைச் சொன்னேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்தான் அம்மாவின் போனில் போட்டுக்கொண்டாள்.

இப்போது என் நாள் காலையில் தொடங்குவதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் அடிக்கிறபோது ஒரு நாள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. பூங்கொடி என்னோடு பேசுவதில்லை. தர்ஷினிதான் பேசுவாள். "மாத்திர போட்டுட்டேன் டீச்சர்." "சரிம்மா." வைத்துவிடுவாள்.

நான் ஜெபத்தை விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். ஆண்டவர் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் யாரிடமும் மைக்கைக் கொடுத்து என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. போன வாரம் மேரி அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். போன் வரத் தாமதமானது. நான் எழுந்து எழுந்து பார்த்ததைக் கவனித்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாதீங்கக்கா" என்றேன். "இந்தக் கவலை எனக்கு வேணும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். போன் அடிக்கும் வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.