சாப்பிட்ட ரத்தம்

ஊசி குத்துறவளை யாரும் வாழ்த்தினதில்லை. வெறும் வயித்தோட வரிசையில நின்னு குத்து வாங்கினவங்க வாழ்த்தவே மாட்டாங்க. நீங்களும் நின்னிருப்பீங்க, உங்களுக்குத் தெரியாததா? இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்ல ஊரையே பட்டினி போட்ட நர்ஸ், இங்க எல்லாரும் கூப்பிடுற "மிசி", நான்தான்.

இலைத் தண்ணி

கொலஸ்ட்ரால் பார்க்கிற அன்னைக்கு வாசல்லயே மறிச்சு, "சாப்டியா?"ன்னு அதட்டுவேன். ஒரு நாள் கொழுந்து பறிக்கிற மரியா அக்கா இல்லைன்னு தலையாட்டினாங்க. வாயைத் திறந்தா தேத்தண்ணி வாசம். திரும்பிப் போங்கன்னு சொன்னதும் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"பறிக்கிறது நானு, குடிக்கக் கூடாதுன்னு சொல்றது நீயா? அது வெறும் இலைத் தண்ணிலா!"

முனியாண்டி அண்ணன்

கொழுந்து மூட்டை தூக்குற முனியாண்டி அண்ணனுக்கு, இருபது வருஷத்துக்கு முன்னாடி, நாற்பத்தொரு வயசு. மேடு ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தார். ரெண்டு தடவை சாப்பிட்டுட்டு வந்தார், ரெண்டு தடவையும் விரட்டிவிட்டேன். மூணாவது தடவை வாயைக் கட்டிக்கிட்டு வந்தார். ரிப்போர்ட்ல பெருசா ஒண்ணுமில்லை. நானே சந்தோஷமா வாசிச்சுக் காட்டினேன். நாலே மாசத்துல மூட்டையோட சரிஞ்சார். மாரடைப்பு, அங்கேயே போயிட்டார். ரிப்போர்ட் வாங்கின அன்னைக்கு அதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு அவர் சொன்னது இன்னும் காதுல கேக்குது.

"அப்பாடா! இனிமே பயமில்லாம ஆட்டுக்கறி சாப்பிடலாம், மிசி."

புவாசா

அவர் மகன் செல்வம் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுறான். முப்பத்தாறு வயசு. அப்பனுக்கு வந்தது தனக்கும் வருமோன்னு பயம். பட்டினிக்கு மலாய்க்காரங்க நோன்பு வார்த்தையைப் போட்டு, "நாளைக்குப் புவாசா இருந்து வா"ன்னு சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு வந்தான். எடுத்த ரத்தம் குழாயில தெளிஞ்சதும் பார்த்தா, மேலே மஞ்சளா நிக்க வேண்டிய தண்ணி பாலூத்தின தேத்தண்ணி மாதிரி கலங்கி நிக்குது. "டேய், பட்டினின்னு பொய்யா சொன்னே?"

"புவாசான்னா விடியுறதுக்குள்ள சாப்பிட்டுட்டுதானே மிசி ஆரம்பிப்பாங்க? நாலு மணிக்கே நாசி லெமாக் சோறும் ஆட்டுக்கறியும் முடிச்சுட்டேன்லா!"

குப்பைக்குப் போக இருந்த குழாய்

அதைத் தூக்கிப் போடப் போனேன். வாராவாரம் வர்ற டாக்டரம்மா கையைப் பிடிச்சு நிறுத்தி, சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தை விட்டுப் போகாம நிக்குதுன்னு அதையும் பரிசோதிக்க அனுப்பினாங்க. மறுவாரம் நிஜமாவே பட்டினி போட்டு எடுத்தோம். அப்பனைப் போலவே ரிப்போர்ட் சுத்தம். இந்தத் தடவை நான் சந்தோஷமா வாசிச்சுக் காட்டலை. டாக்டரம்மா ரெண்டு ரிப்போர்ட்டையும் அவன் அப்பா கதையையும் சேர்த்து எழுதி, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க.

"மனுஷன் வெறும் வயித்தோடவா நாள் பூரா இருக்கான்? நீங்க இத்தனை வருஷமா விடியக்காலை ரத்தத்தை மட்டும்தான் பார்த்திருக்கீங்க, மிசி."

திரும்பி வந்தவன்

இதயத்துக்குப் போற குழாய் ஒண்ணு முக்கால்வாசி அடைச்சிருந்துச்சாம். அதுல ஸ்டென்ட் வச்சு, பை நிறைய மாத்திரையோட வந்தான். உயிரோட அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகையை அடக்க முடியலை. அவன் அப்பாவை ரெண்டு தடவை விரட்டினதை அன்னைக்குத்தான் சொன்னேன். மாத்திரைப் பையை மேசையில வச்சான்.

"அப்பாவையும் சாப்பிட்ட வயித்தோடயே குத்தியிருக்கலாம்லா, மிசி."

தமிழன் அக்கறையாக் கேக்குற "சாப்டியா?"வை அதட்டலாவே கேட்டுப் பழகின எனக்கு, அதுக்கு வர்ற "ஆமா"வை விரட்டாம உக்கார்ந்து கேக்க இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு.