உத்திரம் இறங்காத காலை

துபாயில் ஒரு பூங்காவுக்குள் பழைய சீன முறையில் இரண்டு மர மண்டபங்களை நிறுத்தும் வேலை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மரமெல்லாம் சீனாவிலேயே அறுத்துக் குடைந்து கண்டெய்னரில் வந்திருந்தது. ஆணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றைக் கோக்க வேண்டும். நான் சைட் இன்ஜினியர். வழியில் பெரிய மண்டபத்தின் தூண்தலைக் கட்டை ஒன்று சிதைந்துபோனதால், அதை மட்டும் இங்கே ஒரு பட்டறையில் செய்து வாங்கியிருந்தோம்.

அன்று காலை கிரேன் உத்திரத்தைத் தூக்கியபோது காற்று கிளம்பிவிட்டது. சாரத்தின் மேல் ஃபோர்மேன் நின்றார். ராமநாதபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். புதுக் கட்டையின் பள்ளத்துக்குள் உத்திரம் இறங்கவில்லை.

"சார், பள்ளம் சின்னதா இருக்கு. கிரைண்டர் குடுங்க, ரெண்டு பக்கமும் வழிச்சு விட்டுர்றேன்!"

சீனாவிலிருந்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்த பெண் பொறியாளர், கிரைண்டரை எடுக்கப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். ஓரங்கள் மெலிந்துவிடும். கூரைப் பாரம் அதில்தான் இறங்கும்" என்றார் ஆங்கிலத்தில்.

உத்திரம் காற்றில் மெல்லத் திரும்பியது. அது திரும்பாமலிருக்கக் கீழே கயிற்றைப் பிடித்திருந்தவரை அது தரையோடு இழுத்தது. மறுநாள் முதலாளி விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது.

"இறக்குங்க" என்று கத்தினேன்.

"வெளையாடுறீங்களா சார்? நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேண்ணே. கலாஸ், இன்னைக்கு வேலை போதும். எல்லாரும் கீழ வாங்க."

உத்திரம் தரையைத் தொட்டது. பொறியாளர் வரைபடத்தை விரித்தார். அதில் மில்லிமீட்டரே இல்லை. அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓர் அடிப்படை மரத்தின் குறுக்குவெட்டு உயரத்தைப் பதினைந்து பங்காகப் பிரிப்பார்களாம். அதன் அகலம் பத்துப் பங்கு. மற்ற மரங்களின் கனத்தையெல்லாம் அந்தப் பங்கில்தான் சொல்வார்கள். மண்டபம் பெரிதானால் பங்கும் பெரிதாகும், எண்கள் மட்டும் மாறாது. பட்டறைக்காரர் எண்களைச் சரியாகத்தான் எடுத்திருந்தார். ஆனால் ஒரு பங்கு எவ்வளவு என்பதைச் சின்ன மண்டபத்து மரத்தில் அளந்துவிட்டார்.

மேனேஜர் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினார். முதலாளியின் வருகை தள்ளிப்போனது, என் லீவும் போனது. வேறு கட்டை வரும்வரை ஃபோர்மேன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டை வந்த அன்று காற்றில்லை. பொறியாளரே சாரத்தில் ஏறி உத்திரத்தின் நுனியை மரச்சுத்தியலால் தட்டினார். என்னால் மேலே பார்க்க முடியவில்லை. கிரேன்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உக்காந்துருச்சு சார்!" என்றது ஃபோர்மேனின் குரல்.