முக்கால் மணி நேர மாப்பிள்ளை

போன ஞாயிறு திண்டிவனத்தில் மாமனார் வீட்டு விருந்து. விழுப்புரத்திலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். இதெல்லாம் ஒரு தூரமா?

கூட்டேரிப்பட்டில் பஸ் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர்! நானும் மனைவியும் வெயிலில் காய்ந்து, அடுத்த பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தபோது... கூடத்தில் சகலை பேசிக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் தங்கை கணவர். மத்திய அரசு வேலை, காஷ்மீரில் ஸ்ரீநகரில் போஸ்டிங். அங்கிருந்து லே என்ற மலை ஊருக்கு ஆபீஸ் செலவில் விமானத்தில் போய்வந்திருக்கிறார்.

"எம்மாந் தூரம் மாப்ள?" என்றார் மாமனார்.

"ரோட்ல நானூறு கிலோமீட்டருக்கு மேல மாமா. மலைய சுத்திக்கினு போவணும், நடுவுல ராத்தங்கல் வேற. ரெண்டு நாளு. பிளேன்ல நேரா போனா எரநூத்தம்பதுதான். முக்கா மணி நேரம்!"

முக்கால் மணி நேரம்! கூட்டேரிப்பட்டில் நான் நின்றதே அதைவிட அதிகம். வயிறு எரிந்தது. மறைப்பானேன்? நான் பார்த்த விமானமெல்லாம் வளவனூர் கரும்புக் கொல்லைக்கு மேலே புள்ளியாகப் போனதுதான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இலை போட்டார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் - கோழி அடித்தால் ஈரல் மூத்த மாப்பிள்ளைக்கு. கல்யாணமான நாளிலிருந்து அது என் இலைக்குத்தான் வரும். அன்றைக்கு மாமியாரின் கரண்டி என்னைத் தாண்டிப் போய் சகலை இலையில் கவிழ்ந்தது.

"பிளேன்ல போய் வந்தவரு, சாப்பிடட்டும்."

விடுவேனா? "ஏறுன உடனே போயிட்டீங்களா சகல?" என்று துருவினேன். மனுஷன் வெகுளி. கொட்டிவிட்டார்.

"எங்க போறது! லே மேல ஒரே மேகம். ரன்வேயே தெரியல. வட்டம் அடிச்சிட்டு எறங்காம திரும்பிட்டான். மறுநாளும் அதே பேஜாரு. மூணாம் நாளுதான் எறங்கனோம்."

ஆக, ரோட்டில் ரெண்டு நாள்... பறந்தால் மூன்று நாள்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"கேட்டுக்கினீங்களா அத்தை? பஸ்ஸுல போயிருந்தா ஒரு நாள் முன்னாடியே போயிருப்பாரு!"

கோழித் தொடையோடு என் இலைப் பக்கம் வந்துகொண்டிருந்த மாமியார் அப்படியே நின்றார். மனசுக்குள் ஏதோ கூட்டினார்.

"போவ, வர... போவ, வர... அப்பறம் ஒரு தபா. அஞ்சு தபாவா பறந்தீங்க? ஒரே டிக்கெட்டுலயா மாப்ள?"

சகலை வெட்கத்தோடு தலையாட்டினார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மனைவிகூட வாயைப் பிளந்தாள்!

எப்போது போய்ச் சேர்ந்தான் என்று யார் பார்க்கிறார்கள்? எதில் போனான் என்றுதான் பார்க்கிறார்கள்.

கோழித் தொடை என் இலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. இறங்கவில்லை. திரும்பிவிட்டது.

சகலை இலையில் மட்டும் மேகமே இல்லை!