கண்டக்டர் அக்காவும் இரண்டு வண்டிகளும்

என் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் கண்டக்டர் உட்கார என்று ஒரு சீட் உண்டு. அதில் பையை உட்கார வைத்துவிட்டு அவள் நிற்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். தட்டைக் கையில் ஏந்தி, ஜன்னலுக்கும் கதவுக்கும் டிரிப் அடித்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். தூக்கத்தில்கூடக் கால் ஆடும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எல்லாரும் சொல்வார்கள். சக்கரம் கட்டியவர்கள் பிரேக் வைக்க மறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

அப்படிப்பட்டவளைப் போய்ப் படு என்றுவிட்டார் டாக்டர்.

முதல் பிள்ளை போன வருடம் பாதியிலேயே தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தைத் தொட்டபோது, நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வரவேண்டிய வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். குளியலறைக்கு எழுந்து போகலாம். மற்றபடி கட்டில்தான். ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாலும் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

"படிக்கட்டுல நின்னுக்கிட்டு வழி விடாம இருப்பானே, அந்த மாதிரியா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

மாமாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, காலையில் போனால் இரவு வரை கடையில் வேலை. பள்ளிக்கூடமும் நானும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதே இருவருக்கும் நல்லது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், காவல் வேலை என் தலையில் விழுந்தது.

காவல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று திருடனைக் காப்பவனைக் கேட்டால் தெரியாது. என்னைக் கேட்டால் தெரியும். கட்டிலில் படுத்து, தலையணை உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஒரு வீட்டில் எவ்வளவு தூசி இருக்கிறது என்பது தெரியுமாம். சோபாவுக்கு அடியில் ஒரு முடிப்பந்து உருண்டால் அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் கடைக்குப் போன நேரத்தில் விளக்குமாற்றோடு ஹாலில் நின்றாள். விளக்குமாற்றை மேல்வீட்டில் ஒளித்து வைத்தேன். மறுநாள் பழைய துண்டை நனைத்து, குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பிறகு கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சும்மா கெடக்குறது எனக்குத் தெரியாது வாலு. யாரும் சொல்லித் தரல," என்றாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். காரணம் இல்லாமல் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் வீட்டு உபயோகச் சாமான் கடையில் விற்பனையாளர். ஒரு கரண்டி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி, நாற்பது கரண்டியைத் தட்டிப் பார்த்து, கடைசியில் வாங்காமல் வரும் மனிதர். அவர் கடைக்கு அப்போது, தானே பெருக்கித் தானே துடைக்கும் மெஷின்கள் இரண்டு புதிதாக வந்திருந்தன. இரண்டுமே அந்த ரகத்தில் உச்சம். ஆனால் காட்சிக்கு வைக்க ஒன்றுக்குத்தான் இடம். எது என்று முதலாளிக்குக் குழப்பம். பத்து நிமிடம் கடையில் ஓடவிட்டால் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான், வீட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மாமா கேட்டு வாங்கி வந்தார். பிடித்ததை அவரே வைத்துக்கொண்டு சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். விலையைக் கேட்டால் படுத்திருப்பவர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் அக்காவிடம் சொல்லவில்லை.

ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் தட்டையாக, ஆமை மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு வீடு. வேலை முடிந்ததும் வீட்டுக்குள் போய், குப்பையைக் கக்கி, துடைப்பான்களை வெந்நீரில் அலசி, காயவும் வைத்துக்கொள்ளும். மனிதர்களே இவ்வளவு ஒழுங்கு இல்லை.

கட்டிலை இழுத்து, ஹால் முழுக்கத் தெரியும்படி மாமா போட்டார். மாவு, சர்க்கரை, தேயிலைத் தூள், அக்கா சீப்பிலிருந்து எடுத்த முடி என்று நிறுத்து அளந்து கொட்டினார். அக்கா தலையணையில் சாய்ந்தபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். உடனே பெயர் வைத்துவிட்டாள். கறுப்பு எக்ஸ்பிரஸ். வெள்ளை டவுன் பஸ்.

சரியாகத்தான் வைத்தாள். கறுப்புக்கு வேகம். நிலைப்படியில் முன்சக்கரத்தைத் தூக்கி ஏறிவிடும். விரிப்பில் புதைந்த சர்க்கரையைக்கூட உறிஞ்சி எடுத்துவிடும். ஆனால் வழியில் என்ன கிடந்தாலும் விழுங்கும். காலுறை, சார்ஜர் வயர், ஒருமுறை என் தலை கிளிப். வெள்ளைக்கு முன்னால் ஒரு கண் உண்டு. வயரைப் பார்த்தால் நிற்கும். காலுறையைப் பார்த்தால் நிற்கும். நாற்காலிக் கால் ஒவ்வொன்றிலும் நின்று, யோசித்து, சுற்றிக்கொண்டு போகும். துடைப்பதில் அதை அடிக்க ஆளில்லை. உருளை மாதிரித் துணி, ஓடும்போதே தன்னைத் தானே அலசிக்கொள்ளும், தரையில் கோடு விழாது. கறுப்பின் வட்டத் துணிகள் இரண்டும் மூலையில் பிறைபிறையாக அழுக்கை விட்டுவிட்டு வரும். குப்பையைக் கக்கும்போது வெள்ளை போடும் சத்தம் மட்டும் லாரி மேடு ஏறுவது போலிருக்கும்.

மாமாவால் முடிவெடுக்க முடியவில்லை. அக்கா முதல் நாளே எடுத்துவிட்டாள். அவள் ஓட்டு எக்ஸ்பிரஸுக்குத்தான். "அந்த டவுன் பஸ் எல்லா ஸ்டாப்பிலயும் நிக்குது, பாக்கவே கடுப்பா இருக்கு," என்பாள். கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

விசில் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. கறுப்பு ஒருநாள் சார்ஜர் வயரை நோக்கி ஓடியது. அக்கா எழப் போனாள். எழுவதற்கு முன், பழக்கதோஷத்தில், தலையணைக்கு அடியில் வைத்திருந்த டியூட்டி விசிலை எடுத்து ஒரு தடவை ஊதிவிட்டாள். நான் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம், கையில் போனோடு இருந்தேன். இரண்டு மெஷினையும் போனிலேயே நிறுத்தலாம், ஓட்டலாம். அந்தப் பக்கத்திலிருந்து நான் அவளுக்குத் தெரிய மாட்டேன். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கறுப்பு நின்றது.

பிறகு, சந்தேகத்தோடு, இரண்டு விசில். நான் ஓடவிட்டேன். ஓடியது.

அன்றிலிருந்து அக்கா கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. வெள்ளையை வலதுபக்கம் போகவிட்டு, கறுப்பை இடதுபக்கம் நிறுத்தி, ஹாலை பஸ் நிலையமாக்கிவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், விசிலுக்குக் கட்டுப்படும் மெஷின் என்று பெருமையடித்தாள். மாமா இதை முக்கியமான அம்சமாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். நான் குளிக்கப் போன நேரம் அவரே விசிலை வாங்கி ஊதிப் பார்த்தார். இரண்டும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "என் விசில்தான் அதுங்களுக்குத் தெரியும்," என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். மனிதர் நம்பிவிட்டார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடும் அளவுக்கு இல்லை.

விரல் வலிக்க நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் அக்கா பஸ் கதைகள் சொல்வாள். அதில் ஒன்று மூன்று விசில் கதை. மூன்று தடவை ஊதினால், எந்த ஸ்டாப்பிலும் நிற்காதே, நேராகப் போ என்று அர்த்தம். வழக்கமாக வண்டி நிறைந்தால் ஊதுவார்கள். அக்கா ஒருமுறை பாதி காலி வண்டியில் ஊதினாள். ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். டிரைவர் ஏன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டாராம். "அவரு கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். அந்த நேரம் போயிருக்கும்," என்றாள்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாட்கள் போகப் போக அவளுக்குப் பயம் கூடியது என்று எனக்குத் தெரியும்; விசில் அடிக்கடி கேட்டது.

அன்று மதியம் இரண்டு மெஷினும் வேலை முடித்து வீட்டுக்குள் போய்விட்டன. வெள்ளை குப்பையைக் கக்கத் தொடங்கியது. அந்த லாரிச் சத்தத்துக்கு நடுவே விசில். கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. ஆனால் நிறுத்துவதற்கு எதுவும் ஓடவில்லையே. மறுபடி விசில். எண்ணினேன். மூன்று.

போனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா இடதுபக்கமாகச் சாய்ந்து, அசையாமல் படுத்திருந்தாள். கால் ஆடவில்லை. படுக்கையில் ரத்தம், கட்டில் ஓரமாகத் தரைக்கும் வந்திருந்தது. கத்திப் பார்த்திருக்கிறாள், மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "வலியில்ல. பயப்படாத. மேல்வீட்டு அண்ணனைக் கூப்பிடு," என்றாள். அவள் கையிலிருந்த விசிலை ஏனோ நான் வாங்கிக்கொண்டேன்.

மேல்வீட்டில் இருப்பவர் இரவு டாக்ஸி ஓட்டிப் பகலில் தூங்குகிறவர். இடி விழுந்தாலும் எழ மாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து ஊதினேன். அரைக்கால் சட்டையோடு வந்தார். இருவருமாக அக்காவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். மாமாவுக்கு போன் செய்ய நினைத்தபோது என் போன் சமையலறையில் கிடந்தது. டாக்ஸி அண்ணனே ஓட்டிக்கொண்டே தன் போனை என்னிடம் நீட்டினார். விஷயத்தைச் சொன்னதும் மாமா பக்கத்தில் எதுவோ கீழே விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூன்று மூன்றாக ஊதினேன். நடுரோட்டில் நின்ற போலீஸ்காரர் என்னை முறைத்தார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார். பிறகு அவரே தன் விசிலை எடுத்து ஊதி வழி விலக்கினார். பின்னாலிருந்து அக்கா ஏதோ முனகினாள். குனிந்து கேட்டேன். "இழுத்து ஊதாதடி. கட் பண்ணி ஊது."

அக்காவை உள்ளே கொண்டுபோய்க் கதவு மூடிய பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான் டிரிப் அடித்தேன். மாமா சுவரோடு நின்றார், கடை அடையாள அட்டை கழுத்தில் தொங்க. கதவு திறந்தபோது டாக்டர், பெண் பிள்ளை, எடை குறைவு, கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டும், இருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

துணி எடுக்க வீட்டுக்குப் போன மாமா திரும்பி வர நேரமானது. முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன. அவ்வளவு விலையுள்ள இரண்டு மெஷின் சும்மா நிற்க, மனிதர் மண்டியிட்டுக் கட்டிலோரத் தரையைத் தன் கையால் துடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அக்கா பேசும் நிலைக்கு வந்ததும், எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மெஷினுக்கு ஒன்றும் இரண்டும்தானே. மூன்று ஊதினால் எனக்குப் புரியும் என்று எப்படி நினைத்தாள்?

"எந்தக் கண்டக்டராவது பஸ்ஸுக்கு விசில் ஊதிப் பாத்திருக்கியா?" என்றாள். "டிரைவருக்குத்தான்டி ஊதுவாங்க."

எப்போதிருந்து தெரியும் என்றேன்.

"மொத நாளே. பிரேக்கை லேட்டாப் புடிச்சே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெளையாட்டை விட்டுடுவே. நீ விட்டா நான் எந்திரிச்சிருப்பேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மருந்துப் பாட்டில்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

இதற்கு நடுவில் மாமாவின் முதலாளி போன் செய்தார். நலம் விசாரித்தார். கொஞ்சம் தயங்கி, எதைக் காட்சிக்கு வைப்பது என்று கேட்டார். மாமா வழக்கம்போல, இரண்டிலும் நன்மை இருக்கிறது என்று இழுத்தார். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கினாள். எக்ஸ்பிரஸ் என்பாள் என்று நினைத்தேன்.

"வெள்ளையை வைங்க சார். எங்க வீட்டுக்கும் அதுதான்," என்றாள். "புள்ள நாளைக்குத் தரையில தவழும். கீழ என்ன கெடந்தாலும் நிக்கிற வண்டிதான் எனக்கு வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "விசிலுக்கெல்லாம் கட்டுப்படாது சார். அது அவரு சும்மா சொன்னது," என்று மாமா தலையில் கட்டினாள்.

நடக்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு, தன் கட்டிலிலிருந்து கண்ணாடிப் பெட்டி இருக்கும் அறைக்கு; திரும்பி வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும். உட்காருங்கம்மா என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். விசில் என் சட்டைப்பையில் இருந்தது. ஊதினால் என்னை ஆஸ்பத்திரியை விட்டே துரத்திவிடுவார்கள் என்பதால் பின்னாலேயே நடந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் முழங்கை நீளம்கூட இல்லாத ஒன்று. மூக்கில் குழாய். கண் திறக்கவில்லை. ஆனால் இரண்டு காலையும் மாறி மாறி உதைத்துக்கொண்டே இருந்தது, நிறுத்தவேயில்லை.

"இவளும் ஒரு எடத்துல இருக்க மாட்டா போலிருக்கே," என்றாள் அக்கா. இன்னும் எத்தனை நாள் இந்தப் பெட்டியில் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.