சாரல் காணொளிகளும் ஒரு கணக்குப் பாடமும்

சனிக்கிழமை பிற்பகல், வாசல் அறையில் என் மனைவியின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சவுதியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்புகிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி உண்டு. மறுநாள் காலை அவர்களுக்குத் தேர்வு. முக்கோணவியல் பாடம் பாதி நடந்திருந்தபோது மடிக்கணினி இடமில்லை என்று சொல்லிப் பதிவை நிறுத்திவிட்டது.

இடத்தை அடைத்திருந்தவன் நான். சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து தினமும் காலையில் குற்றாலம் போவேன். அருவிக்கரையில் நின்று செல்போனில் தேதியைச் சொல்லி, தண்ணீர் எப்படி விழுகிறது என்று படம் எடுப்பேன். பழைய பயண நூல்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். அருவியைப் புகழாதவர் இல்லை. ஆனால் தாம் போன நாளில் தண்ணீர் எவ்வளவு விழுந்தது என்று எழுதிவைத்தவர் அரிது. அந்தக் குறைதான் என்னை இதில் இறக்கியது. செல்போன் நிறைந்ததும் எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு மாற்றி, ஆண்டு, மாதம், நாள் என்று பெயரிட்டு அடுக்கியிருந்தேன். கடையில் சொல்லிவைத்த ஹார்ட் டிஸ்க் திங்கட்கிழமைதான் வரும்.

"ரெண்டு மூணை அழிச்சிரலாமா?" என்றாள்.

"அழிச்சா அந்த நாளே போயிருமே" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. ஒரு காணொளியைத் திறந்து முழுவதையும் பார்க்க உட்கார்ந்தாள். நான் எடுத்ததை நானே ஒருநாளும் முழுக்கப் பார்த்ததில்லை. தேதி வந்தது, பேரருவி வந்தது, பிறகு திரை இருண்டது. இருட்டிலேயே படம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, தேதி சொல்லுதீங்க, தண்ணியக் காட்டுதீங்க. அப்புறம் ஒரே இருட்டால்லா இருக்கு?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. சாரலில் நனையாமலிருக்க அருவிக்கரைக் கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் உறையில் செல்போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். எண்ணெய் தேய்த்த விரலால் உறைக்கு மேலே நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அது நிற்கவே இல்லை. அப்படியே துண்டுப் பைக்குள் போட்டுவிட்டு நடந்திருக்கிறேன். இருட்டுக்குள்ளிருந்து, அருவிக்கரைப் பலகாரக் கடைக்காரரிடம் பேசும் என் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, இன்னொரு பழம்பொரி குடுங்க. சூடா இருக்கட்டும்."

"வீட்ல டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"அவளுக்கு எங்க தெரியப்போவுது?"

அவள் படத்தை நிறுத்திவிட்டு மற்றவற்றையும் ஓட்டிப் பார்த்தாள்; எல்லாவற்றிலும் அதே இருட்டு, அதே கடை. பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கன ஒரு பழம்பொரியையும் விட்டுவைக்கல போலுக்கே! சுகர் ஏன் ஏறுதுன்னு டாக்டர்ட்ட ரெண்டு பேருமா உக்காந்து யோசிச்சோமே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

தேதியும் தண்ணீரும் வரும் முன்பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, இருட்டை விட்டுவிடலாம் என்பது அவள் கண்ட வழி. ஆனால் வெட்டிய துண்டைச் சேமிக்கவே முதலில் கொஞ்சம் இடம் வேண்டும், அதுகூட இல்லை. நான் யோசித்துக்கொண்டே நின்றேன். அவள் தன் பாடத்தின் பாதிப் பதிவைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைத் தொட்டியையும் உடனே காலி செய்தாள்.

"ஏன் அதைப் போய் அழிச்ச? பாதி நடத்திட்டியே!"

"நான் இங்கனதான இருக்கேன், திருப்பி நடத்திக்கிடுதேன். அன்னைக்கு விழுந்த தண்ணி திரும்ப வருமா?"

நான் படம் எடுத்து அடுக்கியதை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவளோ ஒரு வகுப்பின் உழைப்பையே அத்தனை எளிதாகக் கொடுத்துவிட்டாள். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதி, மணியடித்ததும் அழித்தவளுக்கு அழிப்பதில் பயமில்லை. எதை அழிக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது.

மாலை வரை வேலை நடந்தது. அவள் வெட்ட, நான் தேதியைச் சரிபார்த்தேன். ஒரு நாளும் விடுபடவில்லை. மடிக்கணினியில் இடத்தைக் காட்டும் பட்டை சிவப்பிலிருந்து நீலமானது. உடனே முகம் கழுவிவிட்டு வந்து முதலிலிருந்து தொடங்கினாள். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பால்காரர் மணியடித்துவிடாமல் வாசலில் போய் நின்றேன். முன்பு நின்றுபோன இடத்தை அவள் குரல் தாண்டியது. இம்முறை பாடம் முன்னதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது.

அனுப்பிய சற்று நேரத்தில் சவுதியிலிருந்து ஒரு மாணவியின் குரல் செய்தி வந்தது: "மிஸ், எல்லாம் புரியுது. கடைசிக் கணக்கு மட்டும் இன்னொருக்கா சொல்லுதீங்களா?"

அவள் மறுபடி மடிக்கணினியைத் திறந்தாள்.

"இடம் இருக்கா, பாருங்க."

"இருக்கு. நீ நடத்து" என்றேன்.